இடக்கண் மங்கிய வேட்டைக்காரர்

சென்ற தை மாதம் நண்பர்கள் சிலருடன் வேடந்தாங்கல் சென்றிருந்தேன். ஏரிக்கரையில் நின்றபடி ஒவ்வொருவராகப் பைனாகுலரை வாங்கி நத்தைகுத்தி நாரைகளையும் கூழைக்கடாக்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் முறை முடிந்து நான் அதைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர் ஒருவர், "உங்களுக்குப் பாதிப் பைனாகுலர் போதுமே, மீதிப் பாதியை எதற்குச் சுமக்கிறீர்கள்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. சிறுவயதில் தெருவில் ஆடிய கில்லி ஆட்டத்தில் பட்ட அடியினால் என் இடக்கண் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டுமே அறியும் என்பதை அவர் அறிவார். உண்மையாகவே அது நல்ல கேள்வி. வீடு திரும்பியதும் அலமாரியிலிருந்து நான் எடுத்த முதல் நூல் தியடோர் ரூஸ்வெல்ட்டின் தன்வரலாறு.

வேடன், கண் என்னும் இரு சொற்களையும் சேர்த்துக் கேட்டால் தமிழ் வாசகருக்குக் கண்ணப்பர்தாம் முதலில் நினைவுக்கு வருவார். நான் சொல்லப்போவது வேறொரு வேடரைப் பற்றி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆண்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் 1901 முதல் 1909 வரை அமெரிக்காவின் இருபத்தாறாவது குடியரசுத் தலைவராக இருந்தவர். பதவி முடிந்த மூன்றாம் வாரமே ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குக் கிளம்பியவர். கிளம்பும்போது இவரது இடக்கண் ஏறத்தாழப் பயனற்றிருந்தது என்பதைப் பெரும்பாலோர் அறியார்.

கண்ணுக்கும் இவருக்குமான வழக்கு பிள்ளைப்பருவத்திலேயே தொடங்கிவிட்டது. பதின்மூன்று வயதளவில் இவருக்கு முதல் துப்பாக்கி கிடைத்தது. பிரெஞ்சுத் தயாரிப்பான இரட்டைக்குழல் துப்பாக்கி. நண்பர்களோடு வேட்டைக்குப் போனால், அவர்கள் சுடும் பறவைகள் இவர் கண்ணில் படவே படா. தம்மிடம்தான் ஏதோ குறை என்று எண்ணினாரே தவிர, அது கண்ணின் குறை என்று தோன்றவில்லை. ஒருநாள் நண்பர்கள் தொலைவிலிருந்த விளம்பரப் பலகை ஒன்றை உரக்கப் படித்தார்கள். தமக்கு எழுத்துகள் படிக்க முடியவில்லை என்பது மட்டுமன்று, அங்கே எழுத்துகள் இருப்பதே தெரியவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தார். தந்தையிடம் சொன்னார், மூக்குக்கண்ணாடி வந்தது, உலகமே புதிதாயிற்று. 1872–73 குளிர்காலத்தில் குடும்பத்தோடு நைல் நதியில் படகுப் பயணம் சென்றபோது அந்தக் கண்ணாடியோடும் துப்பாக்கியோடும் சேகரித்த பறவைகளைப் பின்னாளில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கே கொடுத்தார்.

அதன்பின் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிதான். டகோட்டாப் பகுதியில் மாட்டுப்பண்ணை நடத்தியபோது மதுக்கடை முரடன் ஒருவன் "நாலுகண்ணன்" என்று ஏளனம் செய்து அடி வாங்கிய கதை புகழ்பெற்றது. 1898-இல் கியூபாப் போருக்குப் போனபோது ஒரு டஜன் மூக்குக்கண்ணாடிகளைச் சீருடையிலும் பைகளிலும் தொப்பியிலுமாகப் பதுக்கி எடுத்துச் சென்றார். கண்ணாடி உடைந்தால் எதிரி எங்கே, நண்பன் எங்கே என்று தெரியாது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இதன் நியாயம் உடனே புரியும்.

இனி அந்த அடி. வெள்ளை மாளிகையில் இருந்த ஆண்டுகளில் உடற்பயிற்சிக்காக இளம் இராணுவ அதிகாரிகளுடன் குத்துச்சண்டை போடுவது இவர் வழக்கம். ஒருநாள் பீரங்கிப்படைக் கேப்டன் ஒருவர் விட்ட குத்து இடக்கண்ணில் விழுந்து உள்ளே இரத்தக்குழாய்களைச் சிதைத்தது. பார்வை மங்கிற்று, பின்னர் மெல்ல மெல்ல முற்றும் போயிற்று. 1913-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதைச் சில வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார். அடித்தவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்கிறார்: நல்லவேளை, அது இடக்கண், வலக்கண்ணாக இருந்திருந்தால் சுடவே முடியாமல் போயிருக்கும் என்கிறார். தமக்கு வயதாகிவிட்டதை ஒப்புக்கொண்டு குத்துச்சண்டையை விட்டாராம். விட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா? ஓரிரு ஆண்டு ஜுஜுத்ஸு பழகினார்!

"நல்லவேளை, இடக்கண்" என்ற அந்தச் சொல்லில் ஒரு வேட்டைக்காரரின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. வலத்தோளில் ரைபிளை வைத்துச் சுடுபவர் குழலின் நேர்கோட்டில் வைப்பது வலக்கண்ணை. குறி பார்க்கும் அந்தக் கணத்தில் இரு கண்ணும் உள்ளவரே இடக்கண்ணை மூடிக்கொள்வதுண்டு. ஆகவே இவர் இழந்தது குறிபார்க்கும் திறனையன்று. குறிபார்ப்பதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றில்தான் இழப்பு.

வலக்கண் போயிருந்தால் சுடவே முடியாது என்று அவர் சொல்வது சற்று மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் துப்பாக்கிக் கைவினைஞர்கள் இதற்கொரு வழி கண்டிருந்தார்கள். துப்பாக்கியின் மரக்கட்டையைப் பாம்புபோல் வளைத்துச் செய்வார்கள். கட்டையின் அடி வலத்தோளில் இருக்கும், குழலோ இடக்கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். வலக்கண் இழந்தும், தோள் மாற்றப் பழகாத செல்வந்தர்களுக்காகச் செய்யப்பட்ட அத்தகைய துப்பாக்கிகள் இன்றும் ஏலங்களில் தலைகாட்டுகின்றன. பார்ப்பதற்கு விகாரமாக இருக்கும். செலவும் மிகுதி. ஏழை வேட்டைக்காரனுக்கு ஒரே வழி, இடத்தோளில் சுடக் கற்பதுதான். கடினமே ஆயினும் கற்றவர்கள் உண்டு.

அப்படியானால் இடக்கண் இழந்தவருக்கு உண்மையில் என்ன குறைந்தது? 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர், இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு படங்களைப் பார்க்கின்றன என்பதையும், அவ்விரண்டையும் இணைத்தே மனம் ஆழத்தை உணர்கிறது என்பதையும் தம் ஸ்டீரியோஸ்கோப் கருவியால் காட்டினார். இந்த ஆழவுணர்வு அருகில் கூர்மை, தொலைவு செல்லச் செல்ல மழுங்கிவிடும். இருநூறு முந்நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானின் தொலைவை மதிப்பிடுவதில் இரு கண்ணருக்கும் ஒரு கண்ணருக்கும் பெரிய வேறுபாடில்லை. இருவருமே அதன் உருவ அளவு, இடைப்பட்ட புதர்கள், காற்றின் தெளிவு ஆகியவற்றைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். ஆழவுணர்வு உதவுவது பத்தடி, இருபதடியில், அதாவது விலங்கு பாய்ந்து வரும் தொலைவில்! இது போதாதென்று, பக்கப்பார்வையிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. இடப்பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க நான் தலையையே திருப்ப வேண்டும். கடைத்தெருவில் என் இடத்தோளில் இடிபடாதவர்கள் குறைவு.

ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கா கிளம்பிய நாளில் சந்தையில் புதுமையாக இருந்தது பட்டகப் பைனாகுலர். 1854-இல் இக்னாசியோ போரோ என்ற இத்தாலியர் பட்டகங்களைக் கொண்டு தொலைநோக்கியைக் குறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நல்ல கண்ணாடி கிடைக்காமையால் அது முழுப்பயன் தரவில்லை. ஜெனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே அதைச் சீர்படுத்தி, 1894-இல் ஸைஸ் நிறுவனம் வாயிலாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்வில்லைகளைக் கண்களைவிட அகலமாகத் தள்ளி வைத்ததால் ஆழவுணர்வு மிகும் என்பதே அதன் பெரும் சிறப்பாகப் பேசப்பட்டது. ஒற்றைக்கண்ணருக்கு அந்தச் சிறப்பினால் ஒரு பயனும் இல்லை. அவர் இரண்டு குழலுக்கு விலை கொடுத்து, இரண்டு குழலைக் கழுத்தில் சுமந்து, ஒரு குழலில் பார்க்கிறார். என் நண்பர் ஏரிக்கரையில் கேட்டதும் இதையேதான்.

ஆனால் பட்டகப் பைனாகுலர் வருமுன்னரே ஸ்காட்லாந்து மலைகளில் ஒற்றைக்கண்ணுக்கென்றே அமைந்தாற்போன்ற ஒரு கருவி வழக்கில் இருந்தது. பித்தளைக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இழுவைத் தொலைநோக்கி அது. மான் வேட்டைக்கு வழிகாட்டும் மலைவாசிகள் மல்லாந்தோ சரிந்தோ படுத்து, முழங்காலிலோ கைத்தடியிலோ குழலைத் தாங்கி, மணிக்கணக்கில் எதிர்மலையைத் துழாவுவார்கள். இருபது மடங்கு பெருக்கம் என்பதால் கையில் பிடித்தால் நடுங்கும், தாங்கல் இன்றியமையாதது. 1900-இல் லோவாட் பிரபு போயர் போருக்காக இம்மலைவாசிகளைத் திரட்டி அமைத்த லோவாட் ஸ்கவுட்ஸ் படை, முதல் உலகப்போரிலும் அந்தப் பழைய குழல்களைக் கொண்டே எதிரியின் அகழிகளை வேவு பார்த்தது. ஆங்கிலப் படையில் குறிசுடும் பயிற்சியை வளர்த்த ஹெஸ்கத் பிரிச்சர்ட் 1920-இல் எழுதிய நூலில், கூர்ந்து நோக்குவதற்குப் பைனாகுலரைவிடத் தொலைநோக்கியே சிறந்தது என்று வாதிடுகிறார். இரு கண்ணும் உள்ளவர்களே விரும்பி ஒரு கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்பதை நான் சற்று மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டேன். (1794-இல் கால்வியில் வலக்கண் பார்வையை இழந்த நெல்சன், 1801-இல் கோபன்ஹேகனில் அந்தக் கண்ணிலேயே தொலைநோக்கியை வைத்து "அறிகுறி தெரியவில்லை" என்ற கதை இங்கே நினைவுக்கு வரலாம். அது அப்படியே நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு.)

குழலின் குறை அந்தியில் தெரியும். முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் வில்லையும் இருபது மடங்கும் என்றால் 2.5 மில்லிமீட்டர். பகலுக்கு இது போதும், மாலைக்குப் போதாது. 7 மடங்கும் 50 மில்லிமீட்டரும் என்றால் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் ஐம்பதைக் கடந்த கண்ணின் பாவை அவ்வளவு விரிவதில்லை, ஐந்து மில்லிமீட்டர் விரிந்தாலே பெரிது. இதில் இன்னொன்றும் சேர்கிறது. இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது மங்கலான வேறுபாடுகளை உணரும் திறன் ஒரு கண்ணைவிடச் சுமார் 1.4 மடங்கு என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இந்த ஊதியத்தை இழந்தவர் அதை வில்லையின் அகலத்தில்தான் ஈடுசெய்ய வேண்டும். ஒற்றைக்கண்ணர் பெருக்கத்தை நாடாமல் வெளிச்சத்தை நாடவேண்டும் என்பது என் சொந்த அனுபவமும்கூட.

துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கி அப்போது இல்லையா? இருந்தது. 1855 முதலே நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் நீண்ட குழல்களைச் செய்து விற்றார், உள்நாட்டுப் போரில் அவை பயன்பட்டன. 1908-இல் அமெரிக்கப் படை வார்னர் அண்டு ஸ்வேஸி நிறுவனத்தின் ஆறு மடங்குத் தொலைநோக்கியை ஏற்றது. அதன் பின்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே ஒன்றரை அங்குலம்தான் இடைவெளி, கண்ணை ரப்பர்க் கிண்ணத்தில் அழுத்தி வைத்துச் சுட வேண்டும். ரைபிள் பின்னால் உதைக்கும்போது அந்த உதை எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். இரு கண்ணருக்கு அது புருவத்தில் ஒரு வெட்டு. ஒற்றைக்கண்ணருக்கு, அதுவும் மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்கு, எஞ்சியிருக்கும் ஒரே கண்ணைப் பந்தயம் வைப்பதற்குச் சமம். யானையைச் சுடும் கனத்த ரைபிளில் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. இக்காலக் கருவிகளில் இந்த இடைவெளி மூன்று நான்கு அங்குலம் உண்டு. ஒற்றைக்கண்ணர் ஒருவர் கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையையன்று, பெருக்கத்தையும் அன்று, அந்த அங்குலக் கணக்கையே.

எஞ்சியது இரும்புக் குறி. அதிலும் வயது குறுக்கிடும். பின்குறி, முன்குறி, இலக்கு என்று மூன்று தொலைவுகளை ஒரே கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டும். இளங்கண் விரைவாகத் தாவும். 1858-இல் பிறந்த ரூஸ்வெல்ட்டுக்கு ஆப்பிரிக்காவில் வயது ஐம்பது, அந்த வயதுக்கண் தாவாது. வில்லியம் லைமன் 1879-இல் காப்புரிமை பெற்ற துளைக்குறி இதற்கு எளிய மருந்து. கண்ணருகே ஒரு வளையம், அதன் சிறு துளை வழியே பார்த்தால் மூன்றும் ஓரளவு தெளிவாகத் தெரியும். ஊசித்துளைக் கேமராவின் தத்துவமே.

1909 மார்ச் 23 அன்று ரூஸ்வெல்ட் தம் மகன் கெர்மிட்டுடன் நியூயார்க்கிலிருந்து கப்பல் ஏறினார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கும் பயணம் அது. கையோடு மூன்று ரைபிள்கள் இருந்தன: இராணுவ ஸ்பிரிங்பீல்டு, .405 வின்செஸ்டர், ஆங்கில அன்பர்கள் பலர் கூடிப் பரிசளித்த ஹாலண்டு அண்டு ஹாலண்டின் .500/.450 இரட்டைக்குழல். இவற்றோடு தங்கை கொரீன் தந்த அறுபதளவான நூல்கள் கொண்ட பெட்டி ஒன்றும் சென்றது. நூல்கள் அனைத்தும் பன்றித்தோலில் கட்டப்பட்டவை. வியர்வையும் குருதியும் துப்பாக்கி எண்ணெயும் படும் இடத்தில் வேறெந்த அட்டையும் தாங்காது என்பதே காரணம். நாள் முழுதும் குறி பார்த்த அந்த ஒரே கண்தான் மர நிழலில் ஷேக்ஸ்பியரையும் ஹோமரையும் படித்தது.

பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'ஆப்பிரிக்கன் கேம் டிரெயில்ஸ்' 1910-இல் நூலாக வந்தது. வேட்டை நூல்களுள் இதை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தப்பிய குண்டுகளை அவர் மறைப்பதில்லை. எத்தனை கஜத்தில் சுட்டார், எது தவறியது, எத்தனை தோட்டா செலவாயிற்று என்பதையெல்லாம் எழுதிச் செல்கிறார். தாம் பெரிய குறிகாரர் அல்லர் என்பதை ஒளிக்காத தொனி. துப்பாக்கி சுமந்துவந்த ஆப்பிரிக்கர்களின் கண்கள் தம் கண்களுக்கு முன்னே விலங்கைக் கண்டுகொண்டதையும் சொல்கிறார். இவற்றுக்கெல்லாம் இடக்கண்ணைக் காரணமாகக் காட்டுவதே இல்லை.

கென்யா மலைச்சரிவின் காட்டில் முதல் யானையை வீழ்த்திய நிகழ்ச்சியைக் கவனியுங்கள். அடர்ந்த புதர். வழிகாட்டியான கனிங்ஹாம் அருகில் இருக்கிறார். ரூஸ்வெல்ட் இரட்டைக்குழலின் இரண்டு குண்டுகளையும் சுட்டு முடிக்கிறார், யானை சாய்கிறது. மறு தோட்டா போடும் முன்னர் இன்னொரு களிறு புதரைப் பிளந்துகொண்டு வருகிறது. துதிக்கையை நீட்டினால் அவரைத் தொட்டுவிடும் நெருக்கம். அவர் ஒரு மரத்தின் பின்னே பாய்ந்து ஒதுங்கித் தோட்டாக்களை மாற்றுகிறார். கனிங்ஹாம் இரண்டு முறை சுட, களிறு விலகி ஓடுகிறது. அந்தக் களிறு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? இடப்பக்க முன்புறத்திலிருந்து. ஒரு சொல்லாக அதைக் குறித்துவிட்டு மேலே போய்விடுகிறார். எந்தக் கண் மங்கியது என்பது அறியாமல் படிப்பவருக்கு அது வெறும் திசை. நான் அந்த வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

1910 மார்ச்சில் கார்ட்டூமில் பயணம் முடிந்தது. நூலின் பட்டியலின்படி தந்தையும் மகனும் வீழ்த்தியவை 512, அவற்றுள் தந்தையின் பங்கு 296. ஒன்பது சிங்கங்கள், எட்டு யானைகள் அதில் அடங்கும். அறிவியலுக்காக என்ற விளக்கத்தை ஏற்றாலும் இவ்வெண்களைப் படிக்கையில் என் மனம் ஒப்பவில்லை. அவர் காலத்திலேயே முணுமுணுத்தவர்கள் உண்டு.

கண்ணாடி இன்னொரு முறையும் கதையில் வருகிறது. 1912 அக்டோபர் 14, மில்வாக்கி நகரம். தேர்தல் கூட்டத்துக்குப் புறப்பட்டவரை ஜான் ஷ்ராங்க் என்பவன் மார்பில் சுட்டான். சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்த ஐம்பது பக்கப் பேச்சையும், மூக்குக்கண்ணாடியின் எஃகுக் கூட்டையும் துளைத்துச் சென்றதால் குண்டின் வேகம் தணிந்தது. குண்டு உடம்புக்குள் இருக்க, ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசிவிட்டே மருத்துவமனைக்குப் போனார். குழந்தைப்பருவம் முதல் ஏளனத்துக்குக் காரணமான பொருளின் உறை உயிரைக் காத்தது.

இடக்கண் முற்றும் போய்விட்ட செய்தியை 1917-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் பத்திரிகையாளரிடம் வெளிப்படையாகச் சொன்னார். அப்போதும் பெயர் சொல்லவில்லை. நாளிதழில் அதைப் படித்த டான் டைலர் மூர் என்ற பீரங்கிப்படை அதிகாரி, அந்த வர்ணனைக்குப் பொருந்தக்கூடியவர் தாம் ஒருவரே என்பதை உடனே உணர்ந்தார். தம் அடி ஒரு கண்ணைப் பறித்தது என்பது அன்றுவரை தமக்குத் தெரியவே தெரியாது என்றும், வருந்திக் கடிதம் எழுதப்போவதாகவும் நிருபர்களிடம் கூறினார். பத்தாண்டுக்கு மேல் அவரிடம் அதை ரூஸ்வெல்ட் சொல்லவில்லை. 1919 ஜனவரி 6 அன்று ரூஸ்வெல்ட் காலமானார்.

நான் 8 மடங்கு, 42 மில்லிமீட்டர் வில்லை உள்ள ஒற்றைக்குழல் ஒன்று வாங்கியிருக்கிறேன். சட்டைப்பையில் அடங்குகிறது. மாலை ஆறு மணிக்குக் கூடு திரும்பும் நாரைகளின் கால் நிறம்கூடத் தெரிகிறது.